தண்ணீர் கேட்ட விளக்கு

அந்தச் சனிக்கிழமை நாங்கள் சிட்டுக்குருவி செய்துகொண்டிருந்தோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குருவியை வரைந்து வெட்ட வேண்டும். கண் இருக்கும் இடத்தில் ஊசியால் துளை போட்டு, அரிசிமணி அளவுள்ள எல்.இ.டி. பல்பு ஒன்றைச் செருக வேண்டும். பல்பின் இரண்டு கால்களும் அட்டையின் பின்பக்கம் வரும். அங்கிருந்து பிரியாணி பார்சல் கட்டுகிற வெள்ளித்தாளைக் கீற்றுகளாக வெட்டி, வாலுக்கு இரண்டு பாதை ஒட்ட வேண்டும். வாலில் ஒரு பொத்தான் பேட்டரி. வாலை மடித்து அழுத்தினால் குருவி கண் திறக்கும்.

மணவாள நகரில் உள்ள ஒரு சிறிய அறக்கட்டளையில் எனக்கு வேலை. சனிக்கிழமைதோறும் ஒரு பை நிறைய அட்டையும் கம்பியும் பசையும் எடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகள் கையாலேயே மின்சாரத்தைப் பழக்குவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இயற்பியலில் பட்டம் வாங்கியவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பள்ளியில் பெஞ்சைத் துணியால் துடைத்தால் துணி கருத்துவிடும். இரும்பு உருக்கும் ஆலைகளின் தூள் அது. பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் அந்த ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்து, பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் சுற்றி வந்து மறுபடியும் பேட்டரிக்கே சேர வேண்டும், திரும்பி வர வழி இல்லையென்றால் அது புறப்படவே புறப்படாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் குருவி சரியாகக் கண் திறக்கவில்லை. பல்பு மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போல எரிந்தது. வெள்ளித்தாள் கீற்றுகள் சேரும் இடத்தில் பசை அதிகமாகியிருக்கும், நானே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, குருவியின் வாலில் பயபக்தியோடு ஊற்றினாள்.

பக்கத்துப் பெஞ்சு சிரித்தது. “மிஸ், இவ குருவிக்குத் தண்ணி காட்றா மிஸ்” என்றான் ஒருவன். “இனிமே அரிசி போடுவா பாருங்க” என்றான் இன்னொருவன்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஏன் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டேன்.

“வெளக்கு மங்குனா தண்ணி ஊத்தணும் மிஸ். ஊத்துனா பளிச்னு எரியும். எங்க ஊட்ல நான்தான் ஊத்துவேன்.”

எங்கே ஊற்றுவாய் என்று கேட்டேன். அவள் பலகையில் இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரே ஒரு ஒயர்தான் வருகிறது. அது பல்புக்கும் ஃபேனுக்கும் போகிறது. அவற்றிலிருந்து இன்னொரு துண்டு இறங்கி, துணி துவைக்கிற இடத்தில் மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டியிருக்கிறது. அவ்வளவுதான். “எங்க ஊட்ல திரும்பி வர்றதுக்கு ஒயர் இல்ல மிஸ். மண்ணு வயியா போய்டும்.”

அந்தக் கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்றேன்.

“புடிக்கும். அதுல சாமி கீது. அம்மா மஞ்சா பூசி வெச்சிருக்குது. செருப்பு போட்டுக்கினு தண்ணி ஊத்தக் கூடாது.”

வகுப்பு முடியும் வரை நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. குருவிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. பிள்ளைகள் கூவினார்கள். எனக்கு என் அக்காவின் ஈரத்தலை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு பொன்னேரிக்கு மேற்கே, ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்த குடிசை. பட்டா இல்லாத இடத்துக்கு மின் இணைப்பு கிடையாது. அப்பா வேலை பார்த்த நிலத்தின் மோட்டார் கொட்டகையிலிருந்து, முதலாளியிடம் கேட்டு, ஒரு ஒயர் இழுத்து வந்தார். ஒரு வழிக்குத்தான் ஒயர் இருந்தது. இன்னொன்றுக்குப் பதிலாக மண்ணில் ஒரு கம்பி அடித்தால் போதும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் குடிசை வரிசையில் முதல் பல்பு எரிந்தது எங்கள் குடிசையில்தான். அப்பா அன்றைக்குப் பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்.

சித்திரை, வைகாசியில் மண் காய்ந்துவிடும். அப்போது பல்பு மங்கும். “வெளக்கு தண்ணி கேக்குது” என்பாள் அம்மா. அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள். நான் உள்ளே பல்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் கம்பியடியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, பல்புக்குள் சிவந்திருந்த இழை மெல்ல மஞ்சளாகி, பிறகு வெளுக்கும். போதுமான வெளிச்சம் வந்ததும் நான் “வந்துடுச்சிக்கா” என்று கத்த வேண்டும். அவள் ஊற்றுவதை நிறுத்துவாள். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றாட விளையாட்டு அதுதான்.

ஒரு கட்டத்தில் அக்கா, அந்த இடத்துக்குப் போனால் கால் சுருசுருவென்று இழுக்கிறது என்றாள். ஏரியில் விழுந்து செத்த ஒருத்தி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று வரிசையில் பேச்சு வந்தது. அம்மா கம்பிக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். செருப்போடு அங்கே போகக் கூடாது என்றாள். வரிசையில் இருந்தவர்களும் அப்படியே கும்பிட்டார்கள். இருந்த ஒரே ஒரு ரப்பர் செருப்பையும் அக்கா கழற்றிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

ஒரு வைகாசிச் சாயங்காலம் அவள் ஏரியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்தாள். பல்பு ரொம்பவும் மங்கிக் கிடந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். நான் என் இடத்தில் நின்றேன். விளக்கு வழக்கம் போல மெல்ல ஏறவில்லை. ஒரே வீச்சில், அந்தக் கோடையில் ஒருநாளும் பார்க்காத வெளிச்சத்தில், குடிசையின் ஓலைப் பின்னல் ஒவ்வொன்றும் தெரியும்படி எரிந்தது. “வந்துடுச்சிக்கா” என்று கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. “வந்துடுச்சிக்கா, போதும்” என்று மறுபடியும் கத்தினேன்.

சேற்றில் வழுக்கியவள் விழாமலிருக்கக் கம்பியைப் பிடித்திருந்தாள். பதினாலு வயது.

மறுநாளே அடக்கம் செய்தார்கள். ஏரிக்காரி பிடித்துவிட்டாள் என்றார்கள். கல்யாணம் ஆகாமல் போனவள் என்பதால் எங்கள் வீட்டுக்கு அவள் பூவாடைக்காரி ஆனாள். வீட்டில் எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் முதலில் அவளுக்குத்தான் பூவும் புதுத்துணியும். பிறகு அதே இடத்துக்கு எங்களுக்குப் பட்டா கிடைத்தது, தொகுப்பு வீடு வந்தது, முறையான மின் இணைப்பு வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். அப்பா நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் காய்ச்சலில் போனார். அம்மா மட்டும் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பின்பக்கம் அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றுகிறாள்.

கல்லூரியில் மின்சுற்றுப் படம் எத்தனையோ வரைந்திருக்கிறேன். நில இணைப்புக்கு ஒரு குறி உண்டு. ஒரு கோடு, அதன் கீழே அதைவிடச் சிறிய கோடு, அதற்கும் கீழே இன்னும் சிறிய கோடு. அளவுகோல் வைத்து அழகாகப் போடுவேன். செய்முறைத் தேர்வில் எனக்கு முழு மதிப்பெண். அந்த மூன்று கோடுகள்தான் எங்கள் வீட்டுப் பின்பக்கம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அக்கா ஒரு பக்கம் இருந்தாள், படிப்பு ஒரு பக்கம் இருந்தது. நடுவில் ஒயர் இல்லை. அந்தப் பெண் குருவியின் வாலில் தண்ணீர் ஊற்றியபோதுதான் இரண்டும் சேர்ந்தன. அன்றைக்குப் பல்பு ஏன் அப்படி எரிந்தது என்பதும் அந்த நொடியில் புரிந்தது. காய்ந்த மண் வழியாகப் போக முடியாத மின்சாரத்துக்கு நல்ல வழி ஒன்று கிடைத்திருக்கிறது. நான் பார்த்து மகிழ்ந்த வெளிச்சம் என் அக்கா வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

குருவி செய்த அந்தச் சனிக்கிழமையும் வைகாசிதான். வெளியே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பொழுது சாயச் சாய அந்தப் பெண் சொம்பை எடுப்பாள். வகுப்பு முடிந்ததும் அவள் கூடவே நடந்தேன்.

ஆலைகளுக்கும் ஓடைக்கும் நடுவில் தகரக் கூரை வீடுகளின் வரிசை. அவளுடைய அம்மா குடத்தோடு எதிரே வந்தாள். என்னைவிடச் சில வயதுதான் பெரியவள். இடுப்பில் கைக்குழந்தை. “டீச்சரம்மா, இவ இன்னா பண்ணிட்டு வந்தா?” என்று கேட்டுக்கொண்டே மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை, நான்தான் கம்பியைப் பார்க்க வந்தேன் என்றேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, உச்சியில் வாடிய சாமந்தி வைத்திருந்தது. நான் பார்த்தது அந்தக் கம்பியைத்தானா, எங்களுடையதைத்தானா என்று ஒரு கணம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இதில் இருப்பது மின்சாரம், மண் காயும்போது கம்பிக்கே மின்சாரம் ஏறி நிற்கிறது, ஈரக் காலோடு தொட்டால் ஆளைக் கொல்லும், உடனே ஒயரைக் கழற்ற வேண்டும் என்றேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ஓடையிலிருந்து பாம்பு வருகிறது, விளக்கில்லாமல் எப்படி இருப்பது, ஃபேன் நின்றால் குழந்தை தூங்காது என்றாள். சாமி விஷயத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முறையாகச் செய்தால் அது ஒன்றும் பண்ணாது, முறை தப்பினால்தான் பிடிக்கும், போன ஆடியில் ஒரு நாய் அங்கே கால் தூக்கியது, அந்த இடத்திலேயே விழுந்தது என்றாள்.

பையிலிருந்து ஒரு குருவியை எடுத்தேன். வாலிலிருந்த பேட்டரியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வாலின் இரண்டு பாதைகளிலும் நீளமான ஒயர் சேர்த்து, முனைகளில் ஆணி கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவள் வேண்டாம் என்றும் கேட்காமல் காய்ந்த பலகைமேல் செருப்போடு ஏறி நின்றேன். மூங்கில் குச்சியால் ஒரு ஆணியைக் கம்பியில் ஒட்டினாற்போலவும் இன்னொன்றை ஓரடி தள்ளி ஈரமண்ணிலும் குத்தினேன். பிள்ளைகள் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. என் வகுப்பில் இதை நான் எப்போதும் காட்டமாட்டேன். வீட்டு விளக்கைப் போடச் சொன்னேன்.

பேட்டரி இல்லாத குருவி கண் திறந்தது.

விளக்கை அணைக்கச் சொன்னேன். கண் மூடியது. மறுபடியும் போடச் சொன்னேன். மறுபடியும் திறந்தது. பார்த்தீர்களா, மண்ணில் இருப்பது மின்சாரம் என்று திரும்பினேன். எனக்கு அப்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

அவள் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். “காயிதக் குருவில எறங்கிக் காட்டிட்டியே தாயே” என்றாள்.

கடைசியில் கெஞ்சினேன். இன்று ஒருநாள் யாரும் அங்கே போக வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், நாளைக்கு மறுபடியும் வருகிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்ததால் ஒயரை அந்தப் பக்கம் அணைக்கவும் வழியில்லை. டீச்சர் சொல்லிவிட்டதற்காக ஒருநாள் மங்கலாகவே இருக்கட்டும், நாளைக்கு நானே அபிஷேகம் பண்ணிக்கொள்கிறேன் என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அவள் கால் மண்ணில் வெறுமையாக இருந்தது.

மின்சார ரயிலில் பொன்னேரி வந்து வீடு சேர்ந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். ஒரே ஒயர், கம்பி, மஞ்சள், தண்ணீர். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அம்மா மீனை ஆய்ந்துகொண்டே, “செருப்பில்லாமதான் ஊத்துதா அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அம்மாவின் கை நின்றது. “பொணத்த எடுத்துக்கினு போய்ட்டு வந்ததும் உங்கப்பா அந்தக் கம்பியப் போய்ப் பாத்தாரு. புறங்கையால தொட்டுப் பாத்தாரு. அப்பறம் ஒயர அறுத்து, கம்பியப் புடுங்கி, எல்லாத்தயும் ஏரில போட்டுட்டு வந்தாரு. என்னான்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.”

அக்கா போனபின் ரொம்ப நாள் எங்கள் வீட்டில் சிம்னி விளக்குதான். துக்கத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.”

“அப்ப ஏம்மா ஏரிக்காரின்னு சொன்ன?”

“வேற இன்னா சொல்லணும்ன்ற? அவரு இயுத்துக்கினு வந்த ஒயரு. எப்பிடிச் செத்தா, எப்பிடிச் செத்தான்னு ஊரே வந்து கேக்குது. அவரு செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துகினு கீறாரு. ஏரிக்காரி புடிச்சிட்டான்னு நான்தான் மொதல்ல சொன்னேன். எல்லாரும் அடங்கிட்டாங்க. பொண்ணும் பூட்ச்சு. அவராவது உசுரோட இருக்கணும்ல?”

வெறும் பேச்சாக இருந்த ஏரிக்காரியை, நான் பயந்து வளர்ந்த பேயாக என் அம்மா என் அப்பாவுக்காக ஆக்கியிருந்தாள். இத்தனை வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் காப்பாற்றியும் வந்திருந்தாள். பல்பு எரிந்த விதத்தை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

மீனைக் கழுவிவிட்டு வந்து, “காலைல நானும் வரேன்” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அந்தப் பெண்ணின் அம்மா கம்பிக்குப் புது மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள். அபிஷேகத்துக்குக் குடத்தில் தண்ணீர் தயாராக இருந்தது. என் அம்மா நேராக அந்த இடத்தை நோக்கி நடந்தாள். “அம்மா, செருப்பக் கயட்டிட்டுப் போங்க” என்று அவள் பதறினாள்.

“கயட்ட மாட்டேன்” என்றாள் அம்மா. சாமி இருக்கிறது என்று யாராவது சொன்ன இடத்தில் என் அம்மா செருப்போடு நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “நானும் மஞ்சா பூசனவதான்மே. என் பொண்ணாண்ட நானும் செருப்பக் கயட்டுன்னு சொன்னேன். அவளும் கயட்டிட்டுத்தான் போனா. தண்ணி ஊத்தப் போனவள நான் தூக்கிக்கினு வந்தேன். உன் பொண்ணு மாரிதான் இருப்பா. இவ்ளோ ஒசரம்.” கையை அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்த்திக் காட்டினாள். “அதுல சாமி இல்ல. ஒயருதான் கீது. என் பொண்ணு போனப்பறம் எங்கூட்டுக்காரு அத அறுத்துப் போட்டாரு. அன்னிலேருந்து யாரையும் புடிக்கல.”

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் வேலியோரம் போய் நின்று, “அண்ணே, கொஞ்சம் எங்க ஒயர நிறுத்தேன்” என்று கூப்பிட்டாள். அது நின்றதை நான் டெஸ்டர் வைத்துப் பார்த்துச் சொன்னபின், அவளே கம்பியிலிருந்து ஒயரைப் பிரித்தாள்.

கம்பியைப் பிடுங்க வேண்டுமா என்று கேட்டாள். மஞ்சள் பூசியதை எப்படிப் பிடுங்குவது என்று கலங்கினாள். ஒயர் இல்லையென்றால் வெறும் இரும்புதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவள் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து எங்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டார். அடுத்த சில நாளில் இரண்டு கம்பி உள்ள ஒயர் வாங்கி, போகிற வழியும் திரும்பி வருகிற வழியுமாகப் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்துக் கட்டியதாகப் பின்னால் தெரிந்தது. அதுவரை அந்த வீடு இருட்டில்தான் இருந்திருக்கும். பாம்பு வந்ததா, குழந்தை தூங்கியதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் அம்மா கற்பூரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். இப்போது யாருக்கும்மா மறைக்க வேண்டும், அப்பாவே இல்லையே என்றேன்.

“இது ஏரிக்காரிக்கா ஏத்தறேன்?” என்றாள். “அவளுக்கு.”

அடுத்த சனிக்கிழமையிலிருந்து வகுப்பில் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். சுற்று செய்யும்போது யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது. பொத்தான் பேட்டரிக்கு இது அவசியமே இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பறைக்குள் செருப்பா என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தார். பழக்கம் வரட்டும் சார் என்றேன்.

அந்தப் பெண் தன் குருவியைக் கொண்டுவந்திருந்தாள். வாலில் ஈரம் காய்ந்து அட்டை சுருங்கியிருந்தது. பழைய கீற்றுகளை உரித்துவிட்டு, பசை சேராமல் புதுக் கீற்றுகள் ஒட்டினாள். நான் வேறொரு பெஞ்சில் குனிந்திருந்தேன். அவள் வாலை மடித்து அழுத்தியிருக்க வேண்டும்.

“வந்துடுச்சி மிஸ்” என்று கத்தினாள்.

எல்லோரும் குருவியைப் பார்த்தார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். செருப்பு இருந்தது.